டயாலிசிஸ் முடிந்தால் அடுத்த நாள் முழுக்கப் படுக்கைதான்: இதை மாற்ற முடியுமா?

காவிரிக்கரை (கேள்வி)

அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் போனது, இன்சுலின் போடுகிறார். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக, அறுவையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) இருக்கிறது. செவ்வாய், சனி என்று வாரம் 2 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ். ட்ரை வெயிட் (அதிகப்படித் தண்ணீரெல்லாம் எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) 58 கிலோ. செவ்வாயிலிருந்து சனிக்குள் 3.8 கிலோ ஏறிவிடுகிறது, சனியிலிருந்து செவ்வாய்க்குள் 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக. சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, பிரஷர் 90-க்கு இறங்குகிறது, சலைன் (உப்பு நீர்) ஏற்றுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் ஞாயிறு மாலைவரை எழுந்திருக்கவே முடிவதில்லை. இரவில் முதுகெல்லாம் அரிப்பு.

கடைசி ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 8.6, பொட்டாசியம் 5.9, பாஸ்பரஸ் 6.8, அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்) 3.1. காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 190 அளவில். சிறுநீர் நாளைக்கு 300 மில்லி போகிறது. டயாலிசிஸ் தொடங்கும் முன்பே பருப்பு, முட்டை, மீன் எல்லாம் குறைக்கச் சொன்னார்கள். இன்றும் அதையே தொடர்கிறோம்.

உயிர் காப்பாற்றப்படுகிறது, சரி. ஆனால் வாரத்தில் நல்ல நாள் என்று இரண்டுகூட இல்லையே. டயாலிசிஸ் என்றாலே இப்படித்தானா, அல்லது நாங்கள் ஏதாவது தவறாகச் செய்கிறோமா?

ஊசிமுனை (டயாலிசிஸ் டெக்னீஷியன்)

சகோ, இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாழ்க்கை எப்படிப் போகிறது என்று அளக்க 36 கேள்விகள் கொண்ட படிவமெல்லாம் உண்டு. ஆனால் மெஷின் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒரே கேள்வி போதும்: டயாலிசிஸ் முடிந்து பழைய ஆளாக எத்தனை மணி நேரம் ஆகிறது? 2 முதல் 6 மணி என்றால் நல்லது. 12-ஐத் தாண்டினால் எங்கோ சரிசெய்ய இடமிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு 24.

முதலில் கணக்கைப் பாருங்கள். 3.8 கிலோ ஏற்றம். முடிவில் ரத்தத்தைத் திருப்பிச் செலுத்தும் சலைன் சுமார் 300 மில்லி. நடுவில் குடிக்கும் காபி, சாப்பிடும் இட்லிக்கு இன்னொரு 200. ஆக 4.3 லிட்டர். 58 கிலோ உடம்பிலிருந்து 4 மணி நேரத்தில் எடுத்தால், மணிக்குக் கிலோவுக்கு 18 மில்லிக்கு மேல். 13-ஐத் தாண்டக் கூடாது என்பது பொதுவான எல்லை, 10-க்குள் இருந்தால் உடம்பு அலட்டிக்கொள்ளாது. மெஷின் எடுப்பது ரத்தக் குழாயில் உள்ள தண்ணீரை மட்டும்தான். சதையிலும் காலிலும் தேங்கியது மெதுவாகத்தான் குழாய்க்குள் திரும்பி வரும். அது வருவதற்குள் நாம் இழுத்தால் பிரஷர் விழும், கால் இழுக்கும், இதயம் திணறும். ஞாயிற்றுக்கிழமைச் சோர்வு அந்தத் திணறலின் மிச்சம்.

கால் இழுப்புக்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிரித்துப் பார்ப்பது எளிது. சனிக்கிழமை மட்டும் இழுக்கிறது, 2 லிட்டர் எடுத்த நாளில் இழுப்பதில்லை என்றால் குற்றம் வேகத்தில். குறைவாக எடுத்த நாளிலும் இழுத்தால் ட்ரை வெயிட்டைத் தாழ்வாக வைத்திருக்கிறார்கள். இரண்டு மாத சார்ட்டை வாங்கி, எடுத்த அளவையும் இழுத்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் ஒரே பார்வையில் முடிவு சொல்வார்.

அவரிடம் கேட்க வேண்டியவை:

ஒன்று, வாரம் மூன்றாவது முறை. இதைத்தான் முதலில் கேட்பேன். வாரத்துக்கு மொத்தம் ஆறே முக்கால் கிலோ ஏறுகிறது என்றால், இரண்டாகப் பிரித்தால் சராசரி 3.4, மூன்றாகப் பிரித்தால் 2.25. சிறுநீர் நன்றாகப் போகும்வரை 2 முறை ஓடும். 300 மில்லிக்கு வந்த பிறகு இழுபறிதான். காப்பீட்டு அட்டை இருக்கிறதா? முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள், ஷிஃப்டில் இடம் கிடைப்பதுதான் பாடு. பெயரைப் பதிந்து வையுங்கள். மூன்றாவது முறை கிடைக்கவே இல்லையென்றால் 4 மணியை 5 ஆக்க முடியுமா என்று கேளுங்கள்.

இரண்டு, டயாலிசிஸ் திரவத்தின் வெப்பம். வழக்கமாக 37 அல்லது 36.5-ல் வைத்திருப்பார்கள். 36 அல்லது 35.5-க்கு இறக்கினால் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி பிரஷர் நிற்கும். பைசா செலவில்லை. குளிரும், போர்வை கொண்டுபோங்கள். ஆனால் ஃபிஸ்டுலா கையைப் போர்வைக்குள் விடவே கூடாது. ஊசி நழுவினால் போர்வைக்கு அடியில் ரத்தம் போவது யார் கண்ணுக்கும் தெரியாது.

மூன்று, மெஷினில் சோடியம். கால் இழுக்காமலிருக்க 142, 145 என்று ஏற்றி வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அன்றைக்கு இழுக்காது. ராத்திரி தாகம் பிய்த்துக்கொண்டு போகும், அடுத்த முறை அதற்கும் சேர்த்துத் தண்ணீர் எடுக்க வேண்டிவரும். பிரஷர் விழும்போது ஏற்றும் சலைனும் அப்படியே: 200 மில்லியில் 1.8 கிராம் உப்பு.

நான்கு, பிரஷர் மாத்திரை. டயாலிசிஸ் நாள் காலையில் எதை நிறுத்துவது, எதை மாலைக்கு மாற்றுவது என்று மாத்திரை மாத்திரையாக எழுதி வாங்குங்கள். சிலது டயாலிசிஸில் வெளியேறும், சிலது வெளியேறாது. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நடுவில் சாப்பிடுவது பற்றி ஒரு வார்த்தை. சாப்பிட்டவுடன் ரத்தம் வயிற்றுக்குப் போகும். கடைசி ஒன்றரை மணி நேரத்தில் சாப்பிட்டால் பிரஷர் விழ அதுவே போதும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், அல்லது பசி தாங்கினால் முடிந்தபின் சாப்பிடட்டும். ஆனால் இன்சுலின் போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது.

ஊசி எடுத்தபின் காலைத் தொங்கவிட்டு 10 நிமிடம் உட்கார்ந்து, நின்றபடி ஒருமுறை பிரஷர் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பைக்கின் பின்சீட்டில் ஏற்றிப் போகாதீர்கள்.

அளவுச்சாப்பாடு (உணவியல் நிபுணர்)

டெக்னீஷியன் சார் சொன்ன 3.8 கிலோவுக்கு நான் இன்னொரு கணக்கு சொல்கிறேன். உடம்பில் சேரும் ஒவ்வொரு 8, 9 கிராம் உப்பும் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதுவரை தாகம் அடங்காது. 4 நாளில் 3.8 லிட்டர் என்றால் நாளைக்குச் சுமார் 8 கிராம் உப்பு. இதை 5 கிராமுக்குக் கொண்டுவந்தால் 4 நாள் ஏற்றம் சுமார் 2.3 கிலோவில் நிற்கும். "தண்ணி குடிக்காதே" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்வதில் பயனில்லை. உப்பைச் சாப்பிட்டவரால் குடிக்காமல் இருக்க முடியாது. சண்டைதான் மிஞ்சும்.

நம் சமையலில் ஒரு வசதி, சோற்றில் உப்பு போடுவதில்லை. எனவே வேலை குழம்பிலும் பொரியலிலும்தான். அவருக்கான பங்கை உப்பில்லாமல் தனியே எடுத்துவிட்டு, காலையில் 3 கிராம் தூள் உப்பைச் சமையலறைத் தராசில் நிறுத்து ஒரு சின்ன டப்பாவில் கொடுங்கள். அன்று முழுக்க அவ்வளவுதான், எதில் தூவிக்கொள்வது என்பது அவர் இஷ்டம். மேலே தூவிய உப்பு நாக்கில் நேராகப் படும், கொதிக்கவிட்டதைவிடக் குறைவாகவே போதும். மீதி 2 கிராம் உணவிலேயே எப்படியும் வந்துவிடும். இட்லி மாவில் அவருக்கு உப்பு போடாத ஒரு பங்கு எடுத்து வையுங்கள், உடனே ஊற்றிவிட்டால் கெடாது. கல் உப்பை ஸ்பூனால் அளக்காதீர்கள், பருமனைப் பொறுத்து எடை மாறும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, வடகம் வேண்டாம். சமையல் சோடா போட்ட பஜ்ஜி, போண்டாவிலும் சோடியம்தான். ஓட்டல் சாம்பார் பற்றிப் பேசவே வேண்டாம்.

தண்ணீர்: முந்தைய நாள் போன சிறுநீர் 300, அதோடு 500. மொத்தம் 800 மில்லி. காபி, மோர், ரசம், கஞ்சி, மாத்திரைத் தண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் 800 மில்லி நிரப்பி வையுங்கள். அவர் எதைக் குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. வீட்டு எவர்சில்வர் டம்ளர் எத்தனை மில்லி என்று ஒருமுறை அளந்து பாருங்கள், பல வீட்டில் 200-ஐத் தாண்டும். 100 மில்லி டம்ளர் வாங்கி அதில் நிறையக் கொடுங்கள். பெரிய டம்ளரில் பாதி கொடுத்தால் மனது ஏற்காது. வெயில் காலத்தில் 200 மில்லியை ஐஸ் தட்டில் உறையவைத்து ஒவ்வொரு கட்டியாக வாயில் போட்டுக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் 190 சர்க்கரையும் தாகத்தைத் தூண்டும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான தவறுக்கு வருகிறேன். டயாலிசிஸுக்கு முன் புரதம் குறைத்தது சரி. டயாலிசிஸ் தொடங்கிய அன்றே அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம் வெளியே போகிறது. அல்புமின் 3.1 என்றால் சதை கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சோர்வில் பெரும் பங்கு அதற்கு உண்டு. அல்புமின் குறைந்தால் தண்ணீர் ரத்தக் குழாய்க்குள் நிற்காது, அதனாலும் பிரஷர் விழும். இப்போது தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது நாளைக்கு 58 முதல் 70 கிராம்.

காலையில் 3 இட்லி, 2 முட்டை வெள்ளை: 13 கிராம். மதியம் ஒன்றரைக் கப் சோறு, 100 கிராம் மீன், 30 கிராம் பருப்பில் கெட்டியாகக் கூட்டு, அரைக் கப் தயிர்: 35. இரவு 3 சப்பாத்தி, 2 முட்டை வெள்ளை: 16. கூட்டினால் 64. முட்டை வெள்ளையில் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்லை, இந்த நோய்க்கு அதைவிட மலிவான நல்ல உணவு கிடையாது. மீனில் முள்ளோடு தின்னும் நெத்திலி, மத்தி மட்டும் வேண்டாம். முள்ளில் இருப்பது பாஸ்பரஸ்.

பாஸ்பரஸ் 6.8 இருக்கும்போது புரதத்தை ஏற்றலாமா என்று கேட்பீர்கள். ஏற்றலாம், மாத்திரையை ஒழுங்காகப் போட்டால். செவலமர் ஆகட்டும், கால்சியம் ஆகட்டும், அது சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும் மாத்திரை. இரண்டு வாய் சாப்பிட்டபின் போட வேண்டும். வெறும் வயிற்றில் "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று மற்ற மாத்திரைகளோடு விழுங்கினால் பிடிக்க எதுவும் இருக்காது. பெரிய சாப்பாட்டுக்கு அதிகம், இரண்டு இட்லிக்குக் குறைவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பருப்பில் உள்ள பாஸ்பரஸில் பாதிக்குக் குறைவாகத்தான் உடம்பில் சேரும். கோலா, பதப்படுத்திய இறைச்சி, சீஸ் துண்டு இவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுதும் ஏறிவிடும். பருப்பை நிறுத்திவிட்டு கோலா குடிக்கும் வீடுகள் உண்டு.

பொட்டாசியம்: உருளை, சேனை, கீரை, தக்காளி குறையட்டும். சுரை, புடல், பீர்க்கு, கோஸ், சௌசௌ, கோவைக்காய் போதும். எந்தக் காயானாலும் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்து, அதன் பிறகு தாளியுங்கள். உருளையை இப்படிச் செய்தால் ஏறக்குறைய பாதி பொட்டாசியம் போய்விடும். வெறுமனே ஊறவைத்தால் அவ்வளவு போகாது. ஆவியில் வேகவைத்தாலோ, குக்கரில் கொஞ்சம் தண்ணீர்விட்டு அப்படியே வற்றவிட்டாலோ ஒன்றுமே போகாது. வடித்த தண்ணீரை ரசத்தில் சேர்க்கும் சிக்கனம் இங்கே வேண்டாம். பழம் என்றால் நாளைக்கு ஒன்று: ஆப்பிள், பேரிக்காய் அல்லது இரண்டு துண்டு அன்னாசி. நட்சத்திரப்பழம் எனப்படும் ஸ்டார் ஃப்ரூட் ஒரு துண்டுகூடக் கூடாது. அதிலுள்ள நச்சை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாதபோது விக்கல், குழப்பம், வலிப்புவரை போகும்.

இரண்டு விஷயம் யாரும் சொல்வதில்லை. மலச்சிக்கல் இருந்தால் பொட்டாசியம் ஏறும், ஏனென்றால் சிறுநீரகம் நின்றபின் குடல்தான் கொஞ்சம் வெளியேற்றுகிறது. நாள் முழுக்க விரதம் இருந்தாலும் ஏறும். இன்சுலின் சுரப்பு குறைந்து செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்துக்கு வந்துவிடும். "ஒன்றும் சாப்பிடவில்லையே, எப்படி 6.5 வந்தது" என்பதற்குப் பெரும்பாலும் பதில் இவை இரண்டில் ஒன்று.

இயற்கைவழி

இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். சாதா உப்பை நிறுத்தி இந்துப்பு மாற்றுங்கள். தினம் ஒரு இளநீர், வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம். சிறுநீரகம் சுத்தமாகும்.

அளவுச்சாப்பாடு

இதைப் படித்துவிட்டு யாராவது செய்து பார்ப்பார்கள் என்பதால் பதில் எழுதுகிறேன். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, தாகம் ஒன்று. கடையில் "குறைந்த சோடியம்" என்று விற்கும் உப்பு அதைவிட மோசம், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ஒரு இளநீர் 300 மில்லி என்றால் 600 மில்லிகிராம் பொட்டாசியத்துக்கு மேல் இருக்கும். அளந்து வைத்த 800-ல் 300 மில்லியையும் அதுவே தின்றுவிடும். வாழைத்தண்டும் பொட்டாசியம் மிகுந்தது. கல் அடைப்புக்குச் சொல்லும் வைத்தியத்தை, சிறுநீர் சரியாகப் போகாதவருக்குச் சொல்லக் கூடாது. 5.9 இருப்பவருக்கு 4 நாள் இடைவெளியின் கடைசி நாளில் இதைக் கொடுத்தால் இதயம் நின்றுபோகலாம்.

கால் கனத்து எழ முடியாமை, நாடி மெதுவாகத் துடிப்பது, காரணமில்லாத மூச்சு வாங்கல்: இவை வந்தால் அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும்.

வெள்ளைக்கோட்டு அக்கா (டயாலிசிஸ் செவிலியர்)

மேலே இருவரும் தொடாதவை மட்டும்.

ஹீமோகுளோபின் 8.6. இலக்கு 10 முதல் 11.5. ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபாய்ட்டின் ஊசி போடுகிறார்களா? போட்டும் ஏறவில்லை என்றால் முதலில் இரும்புச் சத்தைப் பாருங்கள். ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும்), டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும்) இரண்டும் வேண்டும். செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஊசிக்குப் பெரிதாகப் பலன் இருக்காது. டயாலிசிஸின்போதே இரும்பை நரம்பு வழியாக ஏற்றிவிடலாம். அடுத்து, ஊசி எப்படி வருகிறது என்று பாருங்கள். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்தாலும், பையில் போட்டு வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்தாலும் மருந்து கெட்டுவிடும், பார்த்தால் தெரியாது. ஐஸ் கட்டியின் மேலேயே ஒட்டி வைக்காதீர்கள், நடுவில் துணி வையுங்கள். மாற்றுச் சிறுநீரக எண்ணம் இருந்தால், ரத்தம் ஏற்றிக்கொள்வதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வார்கள். ஒவ்வொரு பாட்டிலும் உடம்பில் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி, பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கும்.

அரிப்பு: பாஸ்பரஸ், போதாத டயாலிசிஸ், வறண்ட தோல் மூன்றும் சேர்ந்தது. குளித்துத் துடைத்த 3 நிமிடத்துக்குள், ஈரம் காயும் முன் வாசனையில்லாத க்ரீம் அல்லது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். டயாலிசிஸ் நாள் காலையில் ஃபிஸ்டுலா கையில் மட்டும் எண்ணெய் வேண்டாம், பிளாஸ்திரி ஒட்டாது. அலர்ஜி மாத்திரை தூக்கம் தருமே தவிர இந்த அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது. காபாபென்டின் பல பேருக்குக் கேட்கிறது, ஆனால் 100 மில்லிகிராம், டயாலிசிஸ் முடிந்தபின் மட்டும், டாக்டர் எழுதினால். மற்றவர்களுக்குக் கொடுக்கும் 300 மூன்று வேளை இவருக்குப் போனால் தள்ளாட்டமும் கை உதறலும் வரும். தசைப்பிடிப்புக்கு பக்கத்துக் கடையில் தரும் பேக்லோஃபென் அதைவிட ஆபத்து, ஓரிரு மாத்திரையிலேயே நினைவு தப்பும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வேண்டாம். மிச்சமிருக்கும் 300 மில்லி சிறுநீரையும் அவை நிறுத்திவிடும். வலிக்குப் பாராசிட்டமால்.

சிறுநீரகம் போனபின் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும், தாழ் சர்க்கரை நள்ளிரவில் வரும். அப்போது ஆரஞ்சு ஜூஸ் கொடுக்காதீர்கள், அது பொட்டாசியம். 3 ஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும்போது 3 மாத சராசரி சர்க்கரைப் பரிசோதனையை அப்படியே நம்ப முடியாது, வீட்டில் விரல்நுனிச் சோதனைதான் கணக்கு.

ஃபிஸ்டுலா: காலையும் இரவும் விரல் வைத்துப் பாருங்கள், "சிர்ர்" என்று ஓட வேண்டும். இல்லையென்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே ஓடுங்கள். ஓரிரு நாளுக்குள் போனால் கட்டியை எடுத்து மீட்க வாய்ப்புண்டு. சனிக்கிழமை போல பிரஷர் விழும் நாளின் இரவில்தான் அடைப்பு அதிகம். அந்தக் கையில் பிரஷர், ரத்தம் எடுத்தல், கடிகாரம், தலைக்கு அணையாக வைத்துத் தூங்குதல் எதுவும் கூடாது. ஊசி எடுத்தபின் இரண்டு விரலால் 10 முதல் 15 நிமிடம் இடைவிடாமல் அழுத்துங்கள்; நின்றதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பதுதான் பெரும்பாலும் ரத்தம் நிற்காததற்குக் காரணம். சரியாக அழுத்தியும் முறைக்கு முறை அரை மணி ஆகிறதென்றால் மேலே எங்கோ குழாய் சுருங்கியிருக்கலாம், டாப்ளர் ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் குத்தக் குத்த அங்கே பலூன் போல் வீங்கும். வீக்கத்தின் தோல் மெலிந்து பளபளத்தால் அன்றே அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும், அது வெடித்தால் நிமிடக் கணக்குதான். குத்தும் இடத்தை மாற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிலர் முகம் சுளிப்பார்கள், சொல்லுங்கள்.

காவிரிக்கரை

மூவருக்கும் நன்றி. பாஸ்பரஸ் மாத்திரையை இத்தனை நாள் காலையில் வெறும் வயிற்றில்தான் கொடுத்திருக்கிறோம். சார்ட்டைப் பார்த்தேன்: 2.5 லிட்டருக்குக் கீழே எடுத்த 5 நாளில் ஒருநாள்கூடக் கால் இழுக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. வைகாசியில் கோயம்புத்தூரில் தங்கை கல்யாணம், 4 நாள் தங்க வேண்டும். முடியுமா? வீட்டிலேயே வயிற்றில் செய்யும் டயாலிசிஸுக்கு மாறினால் இந்தச் சோர்வு இருக்காது என்கிறார்களே?

ஊசிமுனை

அப்படியென்றால் குற்றம் வேகத்தில்தான், ட்ரை வெயிட்டில் இல்லை. ஆனால் புரதம் ஏறி உடம்பு தேறினால் இரண்டு மாதத்தில் சதை கூடும். அப்போது 58 என்பது பொய்யாகிவிடும். ட்ரை வெயிட்டை மறுபடி நிர்ணயிக்காவிட்டால், தண்ணீர் என்று நினைத்துச் சதையின் எடைக்கும் சேர்த்து இழுப்போம், கால் மறுபடி பிடிக்கும். மேடம் சொன்ன உணவைத் தொடங்கும் தேதியைச் சார்ட்டில் குறித்து வையுங்கள்.

கல்யாணத்துக்குத் தாராளமாகப் போகலாம். கோவையில் மையம் பிடிக்க மூன்று வாரம் முன்பே பேசுங்கள். கேட்பவை: மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகள் (சில இடங்களில் ஒரு மாதத்துக்குள் எடுத்ததுதான் செல்லும்), கடைசி 3 டயாலிசிஸ் சார்ட், ட்ரை வெயிட், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து) அளவு, டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்) வகை, ஊசி அளவு, ரத்த ஓட்ட வேகம். எல்லாவற்றையும் ஒரே தாளில் டாக்டர் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். டயாலிசிஸுக்காகப் போகும் ரயில் பயணத்துக்கு நோயாளிக்கும் துணைக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஸ்லீப்பரில் 75 சதவீதம். ரயில்வேயின் மருத்துவச் சான்றுப் படிவத்தோடு கவுன்டரில்தான் எடுக்க வேண்டும், ஆன்லைனில் வராது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் டயாலிசிஸ் வைக்காதீர்கள், இரண்டு நாள் முன்பு வையுங்கள். பந்தியில் சாம்பார், ரசம், அப்பளம், ஊறுகாய் தவிர்த்துச் சோறு, பொரியல், கொஞ்சம் தயிர், ஒரு ஸ்வீட். இன்சுலினைப் பார்த்துக்கொண்டு, ஸ்வீட் வேண்டாம் என்று அன்றைக்கு மட்டும் யாரும் சொல்லாதிருங்கள்.

வெள்ளைக்கோட்டு அக்கா

வயிற்று டயாலிசிஸ் பற்றி: உண்மைதான், தண்ணீரை 24 மணி நேரமும் மெதுவாக எடுப்பதால் இந்த மேடு பள்ளம் இருக்காது. பொட்டாசியம் கட்டுப்பாடும் தளரும், மிச்சச் சிறுநீரும் கூடுதல் காலம் நிற்கும். பதிலுக்கு, நாளைக்கு 3 அல்லது 4 முறை 2 லிட்டர் பை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அரை மணிக்கு மேல். பையில் இருப்பது சர்க்கரைத் திரவம். அப்பாவுக்கு இன்சுலின் தேவை ஏறும். புரதமும் அதிலே போகும், எனவே முட்டை இன்னும் கூட வேண்டும்.

வீட்டைப் பாருங்கள்: கதவு சாத்தும் ஒரு அறை, மாற்றும்போது ஃபேன் நிறுத்தம், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கைகழுவ இடம், மாதப் பைகளை அடுக்க ஒரு சுவர் ஓரம். ஆடு, கோழி, பூனை அந்த அறைக்குள் வரக் கூடாது. கண் சரியாகத் தெரியாதவரென்றால் பை மாற்ற நம்பகமான ஒருவர் வேண்டும். வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தாலோ வயிறு வலித்தாலோ அந்தப் பையைக் கொட்டாமல் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும், அது வயிற்றுறை அழற்சி. முன்பு வயிற்றில் பெரிய அறுவை நடந்திருந்தால் இந்த முறை ஒத்துவராமல் போகலாம், முதலில் அதைச் சொல்லுங்கள்.

செலவு தயக்கம் என்றால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆனால் இப்போதே முடிவெடுக்க வேண்டாம். உப்பு 5 கிராம், மூன்றாவது முறை, திரவ வெப்பம் 36: இந்த மூன்றையும் ஆறு வாரம் செய்து பாருங்கள். தினமும் காலையில் ஒரே தராசில், ஒரே மாதிரி உடையில் எடை. டயாலிசிஸ் முடிந்து எத்தனை மணிக்கு அவராக எழுந்து காபி கேட்டார் என்று ஒரு நோட்டில் நேரம். அந்த நோட்டோடு இங்கே வந்து எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.